விக்டர் சோய்

விக்டர் சோய் (சூன் 21, 1962 – ஆகத்து 15, 1990) சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த ராக் இசைப் பாடகர், பாடலாசிரியர், நடிகர். 'கினோ' இசைக்குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவர். அதன் பாடல்களை எழுதி, மெட்டமைத்துப் பாடியவர். ரசிகர்கள் தாமே படியெடுத்துக் கைமாற்றிய ஒலிநாடாக்கள் மூலமே இவருடைய பாடல்கள் முதலில் பரவின.

பிறப்பும் கல்வியும்

விக்டர் சோய் லெனின்கிராத் நகரில் (இன்றைய செயின்ட் பீட்டர்சுபர்க்) பிறந்தார். தந்தை ராபர்ட், கொரிய வம்சாவளியைச் சேர்ந்த பொறியாளர். தாய் வலந்தினா, உடற்கல்வி ஆசிரியர். ஓவியப் பள்ளியில் சேர்ந்த சோய், படிப்பு முடியும் முன்பே அங்கிருந்து நீக்கப்பட்டார். பின்னர் தொழிற்பள்ளி ஒன்றில் மரச் செதுக்கு வேலை கற்றார்.

கினோ இசைக்குழு

1981-இல் நண்பர்கள் இருவருடன் ஓர் இசைக்குழுவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது 'கினோ' எனப் பெயர் மாறியது. உருசிய மொழியில் இச்சொல்லுக்குத் திரைப்படம் என்று பொருள். '45' என்ற முதல் இசைத்தொகுப்பு 1982-இல் உருவானது. 'அக்வாரியம்' குழுவின் போரிசு கிரெபென்சிகோவ் இதற்குத் துணைநின்றார்.

அக்காலத்தில் இசைத்தட்டு வெளியிடும் உரிமை 'மெலோதியா' என்ற அரசு நிறுவனத்திடம் மட்டுமே இருந்தது. ஆகவே இளைஞர்கள் ஒரு நாடாவிலிருந்து மற்றொரு நாடாவுக்குப் பதிவு செய்து பாடல்களைப் பரப்பினர். மின்தொடர்வண்டி, டிராலி பேருந்து, பள்ளி மாணவி என அன்றாடம் காண்பவற்றையே சோய் எளிய சொற்களில் பாடினார். கேட்டவர்கள் அவற்றில் தங்கள் வாழ்க்கையையே கண்டனர்.

கொதிகலன் அறை

சோவியத் சட்டப்படி வேலையின்றி இருப்பது குற்றம். அரசு ஏற்காத இசைக்குழுவில் பாடுவது வேலையாகக் கருதப்படவில்லை. எனவே சோய், 1986 முதல் 1988 வரை, கட்டடங்களுக்கு வெப்பமூட்டும் கொதிகலன் அறை ஒன்றில் நிலக்கரி அள்ளிப் போடும் தொழிலாளியாகப் பணியாற்றினார். 'கம்சாத்கா' என்று அழைக்கப்பட்ட அந்த அறை இன்று இவருடைய நினைவிடமாக விளங்குகிறது.

புகழ்

கொர்பச்சோவின் சீர்திருத்தக் காலத்தில் நிலைமை மாறியது. 'அசா' (1987) திரைப்படத்தின் இறுதிக் காட்சியில், உணவக அதிகாரி விதிமுறைகளை வாசித்துக்கொண்டிருக்க, சோய் அவற்றுக்குக் காத்திராமல் மேடையேறி, மாற்றத்தை வேண்டும் பாடலைத் தொடங்குவார். தாம் அதை அரசியல் அறிக்கையாக எழுதவில்லை என்று சோய் கூறிவந்தார். மக்களோ அதைத் தங்கள் குரலாகவே எடுத்துக்கொண்டனர். 'இரத்த வகை' (1988) இசைத்தொகுப்பும், கதைத்தலைவனாக நடித்த 'ஊசி' (1988) திரைப்படமும் இவரை நாடறியச் செய்தன. 1990 சூன் 24 அன்று மாசுகோவின் லுழ்னிக்கி விளையாட்டரங்கில் பெருந்திரளான மக்கள் முன் பாடினார்.

மறைவும் நினைவும்

அதன் பின் இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. லாத்வியாவில் சோய் ஓட்டிச் சென்ற மகிழுந்து பேருந்துடன் மோதியதில் தமது 28-ஆம் அகவையில் உயிரிழந்தார். அக்கோடையில் இவர் பதிவு செய்திருந்த குரலைக் கொண்டு குழுவினர் கடைசித் தொகுப்பை நிறைவு செய்தனர். கறுப்பு அட்டையுடன் வெளிவந்ததால் அது 'கறுப்புத் தொகுப்பு' எனப்பட்டது.

மாசுகோவின் அர்பாத் தெருவில் ரசிகர்கள் எழுதி நிறைத்த 'சோய் சுவர்' இன்றும் உள்ளது. பெலருசில் 2020-இல் நடந்த போராட்டங்களில் மக்கள் பாடியதும் அந்த மாற்றப் பாடலையே. அவர்களுள் பலர் சோய் இறந்த பின் பிறந்தவர்கள்.