அம்பாசிடருக்கு புது இன்ஜினா, சூப்பர்சார்ஜரா? பழைய காரில் கை வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தாத்தாவோ அப்பாவோ ஓட்டிய அம்பாசிடரை ஷெட்டிலிருந்து வெளியே எடுக்கிறீர்கள். டிங்கரிங், பெயின்ட், சீட் தையல் எல்லாம் முடிகிறது. இன்ஸ்டாவில் போட்டோவும் போட்டாச்சு. அடுத்த வாரம் நான்குவழிச் சாலையில் ஏறியதும்தான் விஷயம் புரியும். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் கார் முனகுகிறது, பின்னால் வரும் லாரி ஹாரன் அடிக்கிறது, மேம்பாலத்தில் மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது.

அப்போதுதான் அந்தக் கேள்வி வரும். பழைய இன்ஜினைக் கழற்றிவிட்டு நவீன இன்ஜின் ஒன்றை வைத்துவிடலாமா? இல்லை, இருக்கும் இன்ஜினுக்கே சூப்பர்சார்ஜர் மாட்டி வேகம் ஏற்றலாமா? யூடியூபில் இரண்டுக்கும் வீடியோ கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ எடுக்கப்பட்டவை. அங்கே இல்லாத ஒரு சிக்கல் இங்கே உண்டு. அது உங்கள் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில், ஏன் இந்த முனகல்?

அம்பாசிடர் அடிப்படையில் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3. மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் 1950-களின் கடைசியில் உற்பத்தி தொடங்கி, 2014 மே மாதம் நின்றது. நீண்ட காலம் அதை இழுத்தது 1,489 சிசி பி.எம்.சி. 'பி சீரிஸ்' பெட்ரோல் இன்ஜின். சுமார் 50 குதிரைத்திறன். ஆயிரம் கிலோவுக்கு மேல் எடையுள்ள காருக்கு இது போதாது என்பது இன்றைய கணக்கு. அன்றைய சாலைகளுக்கு அது தாராளம்.

இந்த இன்ஜினைப் பற்றி இரண்டு விஷயங்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஒன்று, அதன் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்குவது மூன்றே மெயின் பேரிங்குகள். இன்றைய நான்கு சிலிண்டர் இன்ஜின்களில் ஐந்து இருக்கும். இரண்டு, காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வழிகள் நான்கு சிலிண்டருக்கும் தனித்தனியாக இல்லை. இரண்டு சிலிண்டருக்கு ஒரு வழி என்று பங்கு போட்டிருப்பார்கள். அதனால்தான் அது 'மூச்சு வாங்குகிறது'. முரட்டு இன்ஜின், எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்து மாட்டுவார், ஆனால் ஓடச் சொன்னால் ஓடாது.

சூப்பர்சார்ஜர் என்ன செய்யும்?

சாதாரண இன்ஜின் காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. சூப்பர்சார்ஜர், கிராங்க்கிலிருந்து வரும் பெல்ட்டின் உதவியோடு சுழன்று, காற்றை வலுக்கட்டாயமாக உள்ளே தள்ளுகிறது. டர்போவும் இதே வேலைதான்; அதைச் சுழற்றுவது சைலன்சர் வழியாக வெளியேறும் புகை. பெல்ட்டில் ஓடுவதால் சூப்பர்சார்ஜர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் வேலை செய்யும், தாமதம் இருக்காது. பழைய காருக்கு அது பொருத்தமும்கூட. எம்.ஜி., மோரிஸ் கார்களுக்கு பிரிட்டனில் 1950-களிலேயே 'ஷாராக்' சூப்பர்சார்ஜர்கள் பொருத்தினார்கள். இன்று பலரும் தேடுவது 2000-களின் மினி கூப்பர் எஸ்-ல் வந்த ஈட்டன் எம்45 வகையை.

கணக்கு எளிது. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் 14.7 பி.எஸ்.ஐ. அதன்மேல் 6 பி.எஸ்.ஐ. கூட்டினால் இன்ஜினுக்குள் 40 சதவீதம் கூடுதல் காற்று போக வேண்டும். நிஜத்தில் அவ்வளவு கிடைக்காது. அழுத்தும்போது காற்று சூடாகும், பெல்ட்டைச் சுழற்றவே கொஞ்சம் சக்தி செலவாகும். ஆக, 50 குதிரைத்திறன் 65 பக்கம் வரலாம். மலைப்பாதையில் நன்றாகவே தெரியும் வித்தியாசம் இது.

இதில் கவர்ச்சியான விஷயம், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம் என்பது. இன்ஜின் நம்பர் மாறாது, பானெட்டைத் திறந்தால் அதே பழைய இன்ஜின், ஸ்டியரிங் பக்கத்தில் அதே கியர் கம்பி. காரின் குணம் அப்படியே இருக்கும்.

சரி, சிக்கல் எங்கே? 40 வருடம் ஓடித் தேய்ந்த இன்ஜினுக்கு இதை மாட்டுவதில்தான். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் கூடுதல் அழுத்தம் கீழே இறங்கி ஆயிலைக் கக்க வைக்கும். ஹெட் கேஸ்கெட் போகும். மூன்று பேரிங் கிராங்க்குக்கு எல்லாச் சுமையும் ஏறும். சூப்பர்சார்ஜர் வாங்குவதற்கு முன் இன்ஜினை முழுசாகப் பிரித்து, போர் செய்து, புது பிஸ்டன் போட்டு, கிராங்க்கைப் பார்த்தாக வேண்டும். பலர் இந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இன்னொன்று நம்ம ஊர் பெட்ரோல். இப்போது பங்க்குகளில் பெரும்பாலும் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20. எத்தனாலை எரிக்க, அதே அளவு பெட்ரோலைவிடக் குறைவான காற்று போதும். கலப்பில்லாத பெட்ரோலுக்காக ஜெட் வைத்த கார்புரேட்டரில் ஈ20 போட்டால், எரிபொருள் குறைந்து காற்று அதிகமான கலவைதான் சிலிண்டருக்குப் போகும். சாதாரண அம்பாசிடர் இதைச் சமாளித்து, கொஞ்சம் சூடாகி, கொஞ்சம் திக்கி ஓடிவிடும். அழுத்தம் ஏற்றிய இன்ஜினில் இதே தவறு நாக்கிங் ஆகி, பிஸ்டனில் ஓட்டை போடும். சத்தம் கேட்டு காலை எடுப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். கார்புரேட்டருக்குப் பெரிய ஜெட், இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் இழுப்பது, ரப்பர் குழாய்களையும் பம்ப் டயஃப்ரத்தையும் எத்தனால் தாங்குவதாக மாற்றுவது, கலவையை அளக்க ஒரு ஆக்ஸிஜன் சென்சார் மீட்டர் - இந்த நான்கும் இல்லாமல் யாராவது 'மாட்டித் தர்றேன் சார்' என்றால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்ஜின் மாற்றம்: கம்பெனியே செய்த வேலை

இந்தியாவில் இன்ஜின் மாற்றத்துக்கு நல்ல முன்னுதாரணம் எந்தத் தனி கராஜும் அல்ல, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ்தான். 1984-ல் வந்த கான்டெஸாவுக்கு உடல் பெரிது, உள்ளே இருந்தது அம்பாசிடரின் அதே 1.5 லிட்டர் இன்ஜின். யானைக்குச் சைக்கிள் செயின் மாட்டியது மாதிரி. பிறகு ஜப்பானின் இசுஸு 1.8 லிட்டர் இன்ஜினை, ஐந்து கியர் பெட்டியோடு சேர்த்து வைத்ததும் அது வேறு காராக மாறியது. 1990-களின் தொடக்கத்தில் அதே இசுஸு இன்ஜின் அம்பாசிடருக்குள்ளும் வந்தது. சுமார் 75 குதிரைத்திறன். அந்த வேலையைச் செய்யத் தவறியவர்களின் கதி சென்னையில் தெரிந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார், ரோவர் எஸ்.டி.1 என்ற அழகான காரின் உடலை வாங்கிவந்து, பழைய வான்கார்டு பரம்பரை 2 லிட்டர் இன்ஜினை வைத்து 'ஸ்டாண்டர்டு 2000' என்று 1985-ல் விற்றது. சில வருடங்களில் கதை முடிந்தது.

இதே சண்டை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பென்ட்லி நிறுவனத்துக்குள் நடந்திருக்கிறது. நிறுவனர் டபிள்யூ.ஓ.பென்ட்லிக்கு சூப்பர்சார்ஜரே பிடிக்காது. சக்தி வேண்டுமென்றால் பெரிய இன்ஜின் வை என்பார். பந்தய வீரர் டிம் பிர்கின் கேட்காமல் 4.5 லிட்டர் காருக்கு சூப்பர்சார்ஜர் மாட்டினார். 'புளோவர் பென்ட்லி' இன்றும் புகழ்பெற்ற கார். ஆனால் 1929, 1930 இரண்டு வருடமும் லெ மான்ஸ் பந்தயத்தில் வென்றது சூப்பர்சார்ஜர் இல்லாத 6.5 லிட்டர் ஸ்பீடு சிக்ஸ்.

நவீன இன்ஜினின் லாபம் வெறும் வேகமல்ல. காலையில் ஒரே சாவித் திருப்பலில் ஸ்டார்ட் ஆகும், எரிபொருளைத் தானே அளந்து விடும், டிராஃபிக்கில் கொதிக்காது. தினமும் ஆபீஸ் போக கார் வேண்டும் என்றால் இதுதான் வழி.

ஆனால் எந்த இன்ஜின்? அம்பாசிடர், பத்மினி, கான்டெஸா மூன்றும் பின்சக்கரத்தால் ஓடுபவை; இன்ஜின் நீளவாக்கில் உட்காரும். இன்றைய ஹேட்ச்பேக் இன்ஜின்கள் முன்சக்கரத்துக்கானவை, குறுக்குவாக்கில் இருப்பவை. அவற்றை எடுத்தால் கியர் பெட்டிக்கு எங்கே போவது? அதனால்தான் ஜிப்ஸி, ஈகோ போன்ற நீளவாக்கு மாருதி இன்ஜின்கள் பக்கம் பார்வை போகிறது. அதற்குப் பிறகும் இன்ஜின் மவுன்ட், ஸ்டியரிங்கில் இடிக்காத ஆயில் சம்ப், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளமும் பேலன்ஸும், ரேடியேட்டர், அழுத்தம் தரும் மின்சார பெட்ரோல் பம்ப், முழு வயரிங் என்று பட்டியல் நீளும். நவீன கார்களில் சாவியில் இருக்கும் இம்மொபிலைசரைத் தேடிக் கிடைக்காவிட்டால், இன்ஜினை ஆளும் ஈ.சி.யு. ஸ்டார்ட் ஆகவே விடாது. பாதியில் நிற்கும் புராஜெக்ட்டுகள் பலவும் நிற்பது வயரிங்கில்தான்.

இப்போது ஆர்.சி. புத்தகம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம் பிரிவு 182ஏ-வைக் கொண்டுவந்தது. அனுமதிக்கப்படாத மாற்றத்தைச் செய்த உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பாகங்களைப் பின்னர் பொருத்துவதும் இதில் அடங்கும். ஆகவே 'சூப்பர்சார்ஜர்தானே, நம்பர் மாறலையே' என்ற வாதம் உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

தேய்ந்துபோன இன்ஜினுக்குப் பதில் அதே வகை இன்ஜினை வைத்து, ஆர்.டி.ஓ. ஒப்புதலோடு புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்றுவது சாதாரண விஷயம். வேறு கம்பெனி, வேறு சிசி இன்ஜின் என்றால்தான் வழி அடைபடுகிறது. சட்டம் வெளிப்படையாகத் திறந்து வைத்திருக்கும் கதவு எரிபொருள் மாற்றத்துக்கு: அங்கீகரிக்கப்பட்ட கிட் வைத்து சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரிக்கு மாறலாம். மின்சார அம்பாசிடர் பிடிக்குமா என்பது உங்கள் ரசனை. கிட்டின் அங்கீகாரச் சான்றிதழைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள்.

'யார் பார்க்கப் போறாங்க?' என்று கேட்பவர்கள் உண்டு. 15 வருடம் தாண்டிய தனியார் காருக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அங்கே ஆய்வாளர் இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். அதைவிடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸ். பாலிசியில் இன்ஜின் நம்பரும் சிசியும் அச்சாகியிருக்கும். மூன்றாம் நபர் பிரீமியமே சிசியைப் பொறுத்துத்தான்: 2022-ல் நிர்ணயித்தபடி 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். 1,489-லிருந்து 1,817 சிசிக்குத் தாவிய அம்பாசிடர் இந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. நாளை ஒரு விபத்தில் யாராவது அடிபட்டால், காகிதத்தில் இருப்பது வேறு கார் என்று கம்பெனி கையை விரிக்கலாம். இழப்பீடு உங்கள் சம்பளத்திலிருந்து போகும்; அதற்காக நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் காத்திருப்பது அடிபட்டவரின் குடும்பம்.

காருக்கு 50 வயது ஆகியிருந்தால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதியின்படி, சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் மாற்றம் செய்யாத கார்களுக்குத்தான் 'விஏ' எழுத்துகளோடு விண்டேஜ் பதிவு. 1970-களின் முற்பாதி அம்பாசிடர்களும் பத்மினிகளும் அந்த வயதைத் தொட்டுவிட்டன. சும்மா ஊர் சுற்ற முடியாது. ராலி, கண்காட்சி, பராமரிப்பு, பெட்ரோல் போடப் போவது போன்றவற்றுக்குத்தான் அனுமதி. ஆனாலும் இன்ஜினை மாற்றிய பிறகு அந்த வாய்ப்பே போய்விடும்.

அப்போ எதைச் செய்யலாம்?

நம் கருத்தைக் கேட்டால்: தினமும் ஓட்ட வேண்டுமென்றால், பழைய காரை மாற்றுவதைவிட, தொழிற்சாலையிலேயே இசுஸு இன்ஜினோடு வந்த அம்பாசிடரையோ கான்டெஸாவையோ தேடி வாங்குவது புத்திசாலித்தனம். ஆர்.சி.யில் அதுவே எழுதியிருக்கும், சண்டையே இல்லை. உங்களிடம் இருப்பது குடும்பத்துக் கார் என்றால், இன்ஜினை முறையாகப் புதுப்பித்து, பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்து, கார்புரேட்டரை ஈ20-க்கு ஏற்ப ஜெட் மாற்றுங்கள். தொலைந்துபோன குதிரைகளில் கணிசமானவை திரும்பி வரும். சூப்பர்சார்ஜர் மூன்றாவது இடம்தான். பந்தயத் தடத்துக்கோ தனியார் இடத்துக்கோ என்றால் முயலலாம். நவீன இன்ஜின் மாற்றம் வேண்டும் என்பவர்கள், இன்ஜின் வாங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். பதில் 'முடியாது' என்றால் ஒரு ஸ்டாம்ப் செலவோடு போகும்.

எந்த வழியில் போனாலும் முதல் செலவு பிரேக்குக்கு. பழைய அம்பாசிடர்களில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். வேகம் 80-லிருந்து 110 ஆனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இன்ஜின் மாறினாலும் டிரம் அதே டிரம்தான். வீல் சிலிண்டர், ஹோஸ், லைனிங், டயர், ஸ்டியரிங் ஜாயின்ட் எல்லாம் புதிதான பிறகு மீதிப் பணத்தைப் பாருங்கள்.

கழற்றிய பழைய இன்ஜினை மட்டும் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றி, துளைகளை மூடி, தரையில் படாமல் மரக்கட்டை மேல் வைத்து, மாதம் ஒருமுறை கிராங்க்கைக் கையால் சுற்றிவிடுங்கள். ஆர்.சி.யில் இருக்கும் அந்த நம்பர் அதன் மேல்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது.