பொம்மைப் பட்டறைக்குள் நுழைந்த காவல்துறை

2000 ஆகஸ்ட் 1. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் குடியரசுக் கட்சியின் தேசிய மாநாடு நடந்துகொண்டிருந்தது. நகரின் மேற்குப் பகுதியிலிருந்த ஒரு கிடங்கைக் காவல்துறை சுற்றி வளைத்து, உள்ளே இருந்த 70க்கும் மேற்பட்டோரைக் கைது செய்தது. அங்கு நடந்துகொண்டிருந்தது எதிர்ப்பு ஊர்வலத்திற்கான மாபெரும் பொம்மைகள் செய்யும் வேலை. ஜார்ஜ் புஷ் ஆளுநராக இருந்த காலத்தில் டெக்சாஸில் நிறைவேற்றப்பட்ட மரண தண்டனைகளைச் சுட்டும் எலும்புக்கூட்டு உருவங்களும் அவற்றுள் அடங்கும். பொம்மைகள் அனைத்தும் குப்பை வண்டிகளில் ஏற்றி அழிக்கப்பட்டன.

அமெரிக்கப் போராட்டங்களில் இக்கலைக்கு நெடிய மரபுண்டு. பீட்டர் ஷூமன் 1963இல் நியூயார்க்கில் தொடங்கிய 'பிரெட் அண்ட் பப்பெட்' நாடகக் குழு, வியட்நாம் போர் எதிர்ப்பு ஊர்வலங்களில் பேருருவப் பொம்மைகளைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. களிமண்ணில் முகம் வடித்து, அதன்மேல் பசையில் நனைத்த காகிதத் துண்டுகளை அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். காய்ந்ததும் பெயர்த்தெடுத்தால் எடையற்ற பெரிய தலை கிடைக்கும். பழைய படுக்கை விரிப்புகளே உடை. ஒருவர் தலையைக் கழியில் தாங்க, வேறு இருவர் கைகளை இயக்குவர். கைவினை அறியாதவரும் காகிதம் கிழிக்கலாம், பசை காய்ச்சலாம். பணமில்லாத மக்கள் தம் கோரிக்கையை இரண்டாள் உயரத்தில் நிறுத்துவதற்கு இதைவிட மலிவான வழி நமக்குத் தெரியவில்லை.

யார் வந்தாலும் வேலை உண்டு என்பதால் இத்தகைய பட்டறைகளுக்குக் கதவில்லை. பிலடெல்பியாவில் அதுவே வினையானது. மாநிலக் காவலர்கள் தச்சுத் தொழிலாளர் வேடத்தில் உள்ளே புகுந்து, பொம்மை செய்யவும் உதவியிருக்கிறார்கள். சோதனை ஆணைக்காகக் காவல்துறை அளித்த பிரமாணப் பத்திரம் முதலில் முத்திரையிடப்பட்டிருந்தது. அது பின்னர் வெளிவந்தபோது, போராட்டக்காரர்களுக்குக் கம்யூனிஸ்ட் அமைப்புகளிடமிருந்து பணம் வருகிறது என்ற பழைய புளுகும் அதில் இருந்தது. (நம்மூர் 'அந்நிய நிதி' குற்றச்சாட்டைக் கேட்டவர்களுக்கு இது வியப்பளிக்காது.) கைதானோர் மீதான வழக்குகள் ஏறத்தாழ அனைத்தும் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. ஆனால், அதற்குள் மாநாடும் முடிந்திருந்தது, ஊர்வலமும் முடிந்திருந்தது. 'அவை வெறும் பொம்மைகள்' என்று காட்டக்கூடிய சான்றும் நொறுங்கிவிட்டிருந்தது. தண்டனை பெற்றுத் தருவது அந்தச் சோதனையின் முதன்மை நோக்கமாக இருந்ததாக நாம் கருதவில்லை.

அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலத்திற்கு முந்தைய இரவில் பதாகைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு இந்த உத்தி புதிதன்று. அரசியலமைப்பின் உறுப்பு 19(1)(ஆ) ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைத் தருகிறது. காகிதக்கூழ்த் தலை ஆயுதமாகாது. உறுப்பு 19(1)(அ)இன் கருத்துரிமை, ஊர்வலத்தின் முதல் முழக்கத்தில் தொடங்குவதில்லை. பசை காய்ச்சும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது என்றே நாம் வாதிட வேண்டும்.

நடைமுறைச் சட்டமும் நம் பக்கம் சிலவற்றை வைத்திருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 106இன்படி, களவுப் பொருளென்றோ குற்றத்தோடு தொடர்புடையதென்றோ ஐயம் எழுந்தால்தான் ஒரு பொருளைக் காவல் அலுவலர் கைப்பற்றலாம். கைப்பற்றியதை உடனே நடுவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். பிரிவு 105 சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. ஆகவே, பட்டறை நடத்தும் தோழர்கள் செய்த ஒவ்வொரு உருவத்தையும் தேதியோடு படமெடுத்து, அப்பிரதியைப் பட்டறைக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். காவலர் வந்தால் கைப்பற்றிய பொருட்களின் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். பொருட்களைத் திரும்பக் கோரும் மனுவை ஊர்வலத்துக்கு முன்பே நடுவரிடம் தாக்கல் செய்துவிடுங்கள்.