தேக்குப் பெட்டி போல்ட்டருகே மட்டும் உளுப்பது ஏன்?

நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை 1928-இல் திருச்சி பொன்மலைக்கு இடம் மாறியது. அந்தக் கால ரயில் பெட்டிகளுக்குத் தேக்குதான் உடம்பு. கறையானே தயங்கும் தேக்கு, இரும்பு போல்ட்டைச் சுற்றி மட்டும் கறுத்து, நகத்தால் கிள்ளினால் உதிர்கிறதே, எப்படி?

ஐப்பசி அடைமழையில் போல்ட் துருப்பிடிக்கும். துருவிலுள்ள இரும்பு, மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்தால் கறுப்பு. பழைய கடுக்காய் மையின் ரசாயனமும் இதுவே. கறுப்பு வெறும் நிறம்தான். இரும்பு அயனிகள் ஆக்சிஜனேற்றத்தை முடுக்கி, மரத்துக்கு வலுத்தரும் செல்லுலோஸ் இழைகளை அறுப்பதுதான் நிஜக் கேடு.

அவசரமாகப் பெயின்ட் அப்புவது வீண்வேலை. ஈரம் உள்ளேயே அடைபடும். ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை காயவைத்து, உளுத்ததை மட்டும் வெட்டி, இழையோட்டம் பார்த்துத் தேக்குத் துண்டு ஒட்டவேண்டும். போல்ட்டுக்குத் துத்தநாகப் பூச்சு: அது முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும்.