சோற்றைக் குறைக்கலாம்... ருசியைக் குறைக்க வேண்டாம்!

"சுகர் ஏறியிருக்கு. சோத்தைக் குறைச்சிடுங்க!" என்று டாக்டர் ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார். வீட்டுக்கு வந்த பிறகுதான் குழப்பமே ஆரம்பிக்கும். சோறு இல்லாவிட்டால் சாம்பாரை எதில் ஊற்றுவது? இட்லி, தோசை, பொங்கல், உப்புமா... எல்லாமே மாவுச்சத்துதானே!

எங்கள் பொத்தேரி மாதிரி ஊரில் காலை நேரம் எப்படி என்று உங்களுக்கே தெரியும். எலெக்ட்ரிக் டிரெயினைப் பிடித்துத் தாம்பரம், கிண்டி என்று ஓடுகிறவர்களுக்கு டப்பா கட்டியாக வேண்டும். சுகர்காரருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று என்று மூன்று சமையல் யாரால் முடியும்? தனிச் சமையலாகத் தொடங்கும் பத்தியம் சீக்கிரமே நின்றுபோகும். வீட்டுச் சமையலையே கொஞ்சம் மாற்றினால்தான் நிலைக்கும்.

எவ்வளவு குறைக்கணும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு, இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் சொன்னது. நமக்குக் கிடைக்கும் சக்தியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்பது அதே ஆய்வின் 2025-ம் ஆண்டுக் கணக்கு. புதிதாகச் சர்க்கரை நோய் கண்டவர்கள் இதை 49 முதல் 54 சதவீதத்துக்குள் கொண்டுவந்து, புரதத்தைக் கூட்டினால் நல்லது என்று 2022-ல் இதே குழுவினர் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

பார்த்தீர்களா, சோற்றை அடியோடு விடச் சொல்லவில்லை! தட்டில் சோறும் காய்கறியும் இடம் மாறிக்கொண்டால் போதும்.

சிறுதானியம் சாப்பிட்டால் சரியாப் போச்சா?

இது நிறையப் பேர் ஏமாறும் இடம். 100 கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். கேழ்வரகில் சுமார் 67, கம்பில் சுமார் 62. பெரிய வித்தியாசம் இல்லை! அவற்றில் நார்ச்சத்து அதிகம் என்பது உண்மை. அதற்காக "கேப்பைக் களிதானே" என்று இரண்டு உருண்டை சாப்பிட்டால் சுகர் ஏறத்தான் செய்யும். உருளை, சேனை, மரவள்ளியும் இந்தக் கணக்கில் சோற்றோடு சேர்ந்தவைதான், காய்கறியாக நினைக்காதீர்கள்.

காலிஃபிளவர் சோறு

காலிஃபிளவரைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தேங்காய்த் துருவியில் துருவுங்கள். அகலமான வாணலியில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, துருவலைப் போட்டு நான்கைந்து நிமிடம் வதக்குங்கள். மூடவே கூடாது, மூடினால் ஆவி நீர் சேர்ந்து களியாகிவிடும். உப்பு தண்ணீரை இழுக்கும் என்பதால் இறக்கும்போதுதான் போட வேண்டும்.

இதில் சாம்பாரை ஊற்றினால் சொதசொதவென்று ஆகும். எலுமிச்சை, தேங்காய், புளிக்காய்ச்சல் கலந்தால் அருமையாக இருக்கும். "இதெல்லாம் ஒரு சோறா?" என்று முகம் சுளிப்பவர்களுக்குப் பாதிக்குப் பாதி சோறு கலந்து கொடுங்கள். ஒரு கப் வெறும் சோற்றில், அதாவது 150 கிராமில், சுமார் 42 கிராம் மாவுச்சத்து இருக்கும். பாதி காலிஃபிளவரானால் 25 கிராமுக்குள் அடங்கிவிடும்.

பாசிப்பயறு தோசை

அரிசி சேர்க்காத ஆந்திரப் பெசரட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பாசிப்பயறை ஆறு மணி நேரம் ஊறவைத்து, இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம் சேர்த்து அரைத்தால் போதும். புளிக்க வைக்க வேண்டாம். இதிலும் மாவுச்சத்து உண்டு. ஆனால் 100 கிராம் பயறில் சுமார் 46 கிராம்தான். புரதம் 22 கிராமுக்கு மேல் இருப்பதால் இரண்டு தோசையிலேயே வயிறு நிறையும். மாவு பிய்ந்து வந்தால் ஒரு முட்டையை அடித்துச் சேருங்கள். அரிசி செய்யும் வேலையை அது செய்யும். சைவர்கள் சின்னச் சின்னதாக வார்த்தால் திருப்ப வரும்.

கூட்டு, குழம்பு

கூட்டுக்கு அரிசி மாவு கரைத்து விடுவதை நிறுத்தி, தேங்காய், சீரகம் அரைத்து ஊற்றுங்கள். புடலை, சுரை, அவரை, கீரை எதுவானாலும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சமைத்து, முதலில் அதைத் தட்டில் வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் சோறு போடுங்கள். மோர்க்குழம்பு, மீன் குழம்பு, முட்டைப் பொரியல் ஆகியவற்றில் மாவுச்சத்து குறைவுதான். அவை எப்போதும் போலவே இருக்கட்டும்.

மாத்திரை சாப்பிடுகிறவர்களே, உஷார்!

இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு, கிளிபிசைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சோற்றைக் குறைக்கவே கூடாது. மருந்து பழைய அளவிலேயே இருக்க, சோறு மட்டும் குறைந்தால் சர்க்கரை சரிந்துவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்தும் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும், வளரும் பிள்ளைகளுக்கும் இந்தக் குறைப்பு வேண்டவே வேண்டாம். அவர்களுக்கு அதே கூட்டு, அதே குழம்போடு சோற்றை வழக்கம்போலப் போடுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். என்ன சாப்பிட்டோம், சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் சுகர் எவ்வளவு என்று பதினைந்து நாள் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். எந்தப் பண்டம் உங்கள் உடம்புக்கு ஒத்துவருகிறது, எது ஏற்றுகிறது என்று அந்த நோட்டே சொல்லிவிடும். மருந்தைக் குறைப்பதா, கூட்டுவதா என்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார்!