இரும்பில் எழுதிய சாசனம்

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிற் கல்வெட்டுகளில் கொல்லம் ஆண்டு பொறித்திருப்பதை நேயர்கள் கண்டிருக்கலாம். கி.பி. 825-இல் தொடங்கும் அக்கணக்கை அறியாதவருக்கு அது வெறும் எண்தான். பழைய மோட்டார் வண்டியைப் புதுப்பிக்க முற்படுவோர் நிலையும் இதுவே.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-இல் பம்பாய் சிவ்ரியில் பட்டறை திறந்து ஷெவர்லே வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. பூட்டியது நம்மவர் கைகள். யந்திரமோ கடல் கடந்து வந்தது. ஆகவே அதன் பூர்வோத்தரத்தை அதன் மேனியிலேயே தேட வேண்டியிருக்கிறது.

மேனியில் இருவகை எழுத்துகள் உண்டு. புடைத்து நிற்பவை வார்ப்படச் சாலையில் அச்சிலேயே அமைந்தவை. ஆயிரக்கணக்கான யந்திரங்களுக்கும் அந்த எண் ஒன்றே. குழிந்திருப்பவை பின்னர் உளியால் அடித்தவை. அந்த ஒரு யந்திரத்துக்கே உரியவை. முன்னதைப் பின்னதென்று எண்ணிப் பலர் ஏமாறுகிறார்கள். ஷெவர்லே ஆறு சிலிண்டர் யந்திரத்தில் குழிந்த எண், வலப்புறம் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பின்னால், சீவிய சிறு மேடையில் இருக்கும்.

வார்த்த தேதியும் புடைப்பெழுத்தில் உண்டு. 'ஏ' ஜனவரி, 'எல்' டிசம்பர், பிறகு நாள், இறுதியில் ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும். 'டி 12 8' என்றால் ஏப்ரல் 12. ஆனால் 1938-ஆ, 1948-ஆ? தேதி சொல்லாது. அருகிலுள்ள வார்ப்பு எண்ணையும் சேர்த்துப் படித்தால்தான் விளங்கும். சிக்கனம் பாராட்டிய அந்த வார்ப்படக்காரர்மீது நமக்குச் சற்றுக் கோபமே!

நாஞ்சில் நாட்டுக் கடற்காற்றில் இரும்பு வெகு விரைவில் துருவேறும். அதற்காக உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது பெருந்தவறு. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் உரசினால் எழுத்து எழும். போக்குவரத்து அலுவலகத்தார் கேட்கும் பென்சில் பிரதியும் இதுதான்.

வார்த்த தேதி, வண்டி முடிந்த காலத்துக்குச் சில வாரங்களோ மாதங்களோ முந்தியிருப்பது இயல்பு. பிந்தியிருந்தால் யந்திரம் மாற்றப்பட்டது என்பது திண்ணம். அதில் இழுக்கில்லை, ஓடி உழைத்த வண்டிக்கு மாற்று யந்திரம் பூட்டுவது சகஜம். மறைப்பதே குற்றம். 2021-இல் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிகள், 50 ஆண்டு கடந்தும் அசல் அமைப்பு மாறாத வண்டிக்கே 'விஏ' எழுத்துகளுடன் தனிப் பதிவு தருகின்றன. எனவே பழைய எண்ணை அராவிவிட்டுப் புதிது அடிக்கும் ஆசாமிகளும் தோன்றலாம். மேடையில் சீவுளியின் நுண்ணிய இணைகோடுகள் அழிந்திருந்தாலும், எழுத்துகள் ஆழம் மாறிக் கிடந்தாலும், முன்பணம் கொடுக்குமுன் பதிவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி ஒப்பிடுக.