சென்னை மாகாண நாணயங்களைச் சேகரித்தல்

சென்னை மாகாண நாணயங்கள் என்பவை, கிழக்கிந்தியக் கம்பெனி 1835-ஆம் ஆண்டுக்கு முன்னர்த் தென்னிந்தியாவில் புழங்குவதற்காக வெளியிட்ட பொன், வெள்ளி, செப்பு நாணயங்களாகும். வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாணங்களும் அக்காலத்தில் தனித்தனி நாணயங்களை வெளியிட்டு வந்தன. 1835-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் 180 கிரெயின் (ஏறத்தாழ 11.66 கிராம்) எடையுள்ள வெள்ளி ரூபாயை மூன்றுக்கும் பொதுவாக்கியது. அதற்கு முந்தைய மாகாண நாணயங்களை நாணயவியல் ஆர்வலர்கள் தனிப்பிரிவாகச் சேகரிக்கின்றனர்.

கணக்கு முறை

சென்னை மாகாணத்தில் வராகன், பணம், காசு என்னும் தென்னாட்டுக் கணக்கையே கம்பெனி பின்பற்றியது. 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். ரூபாய்க் கணக்கில் 12 பணம் ஒரு ரூபாய் என்பதால் ஒரு வராகன் மூன்றரை ரூபாய்க்குச் சமமாக இருந்தது. 1818-இல் ரூபாய் முதன்மை நாணயமாக்கப்பட்டபின் வராகன் வழக்கொழிந்தது. நாணயச்சாலையின் நினைவு சென்னையில் தங்கசாலைத் தெரு என்னும் பெயரில் இன்றும் நிற்கிறது.

குறிப்பிடத்தக்க நாணயங்கள்

1. நட்சத்திர வராகன்: ஏறத்தாழ 3.4 கிராம் எடையுள்ள பொற்காசு. ஒரு பக்கம் திருமால் உருவமும், மறுபக்கம் புள்ளிகளுக்கு நடுவே நட்சத்திரமும் காணப்படும்.

2. கோபுர வராகன்: 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியானது. ஒரு பக்கம் கோயில் கோபுரமும், மறுபக்கம் திருமாலும் இடம்பெற்றன. பொன்னில் இரண்டு வராகன், ஒரு வராகன் ஆகியவையும், வெள்ளியில் அரை வராகன், கால் வராகன் ஆகியவையும் உண்டு. ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கு எழுத்துகளிலும் மதிப்பு பொறிக்கப்பட்டுள்ளது. வெள்ளி அரை வராகன்களில் சில, ஸ்பானிய வெள்ளி டாலர்களின்மேல் மறு அச்சிடப்பட்டவை. அவற்றில் பழைய ஸ்பானிய அச்சின் சுவடு தெரிந்தால் சேகரிப்போர் தனிக் கவனம் செலுத்துவர்.

3. செப்புக் காசுகள்: இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகிலிருந்த சோகோ நாணயச்சாலையில் நீராவி எந்திரங்களால் அச்சிடப்பட்டவை. 1794, 1797 ஆகிய ஆண்டுகளின் காசுகள் வட சர்க்கார் பகுதிகளுக்கானவை. 1803, 1808 ஆகிய ஆண்டுகளின் 10 காசு, 20 காசு நாணயங்களில் கம்பெனியின் சின்னம் இருக்கும்.

அருமையை முடிவு செய்பவை

பழைய நாணயம் எல்லாம் அரிய நாணயம் என்று எண்ணுவது தவறு. இதற்கு 1808-ஆம் ஆண்டின் காசுகளே சான்று. அவற்றுள் ஏறத்தாழ 48 டன் எடையுள்ள காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல், 1809 சனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கடற்கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் அதிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகள் மீட்கப்பட்டன. இருநூறு ஆண்டு பழைமை உடையவை ஆயினும் அவை இன்று குறைந்த விலையிலேயே கிடைக்கின்றன. மாறாக, பெரும்பாலான பொன், வெள்ளி நாணயங்கள் உருக்கப்பட்டுவிட்டதால் எஞ்சியவை அரியவையாயின. எனவே எத்தனை அச்சிடப்பட்டன என்பதைவிட எத்தனை எஞ்சியுள்ளன, எந்த நிலையில் உள்ளன என்பனவே மதிப்பை முடிவு செய்கின்றன.

போலிகளும் ஏமாற்றுகளும்

இராமர், அனுமன் உருவங்களுடன் 1616, 1717, 1818, 1839 போன்ற ஆண்டுகளும் கம்பெனியின் பெயரும் பொறித்த செப்புத் துண்டுகள் 'அபூர்வ நாணயம்' என்று விற்கப்படுகின்றன. இவை கம்பெனி வெளியிட்ட நாணயங்கள் அல்ல. பிற்காலத்தில் செய்யப்பட்ட வில்லைகளே. இவற்றுக்கு மந்திர ஆற்றல் உண்டென்று நம்பிச் சேமிப்பை இழந்தவர்கள் உண்டு.

வார்ப்பு முறையில் செய்த போலிகளில் எழுத்துகள் மழுங்கியிருக்கும்; மேற்பரப்பில் நுண்குழிகளும் விளிம்பில் ஒட்டுக்கோடும் தென்படலாம். எடையையும் விட்டத்தையும் நாணய அட்டவணையுடன் ஒப்பிடுவது எளிய முதல் சோதனை. பழைய நாணயங்களுக்குப் பெருந்தொகை தருவதாகக் கூறி, முன்பணமோ வரியோ கேட்பவர்கள் தன் பெயரைப் பயன்படுத்துவதாக இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகத்தில் எச்சரித்தது.

பாதுகாப்பும் சட்டமும்

செப்புக் காசைப் புளியோ எலுமிச்சையோ இட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது வீடுகளில் நடக்கும் பெரும் பிழை. காலத்தால் படிந்த மேற்படலமும் எழுத்தின் கூர்மையும் போனபின் அவற்றை மீட்க முடியாது. நாணயத்தை விளிம்பில் பிடித்து, ஈரமில்லாத இடத்தில், தனித்தனிக் காகித உறையில் வைப்பது நல்லது.

1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயங்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

ஒரு நாணயம் எங்கே, எவற்றோடு கிடைத்தது என்னும் குறிப்பு அதனுடன் இருக்க வேண்டும். அக்குறிப்பு தொலைந்தால் நாணயத்தின் வரலாற்றுப் பயனில் பெரும்பகுதி போய்விடும். எஞ்சுவது உலோகமும் விலையுமே.