எம்மி விருது: நன்றி சொல்லும் மேடை



திரைப்படத்துக்கு ஆஸ்கர் போல, அமெரிக்காவில் தொலைக்காட்சிக்கு எம்மி விருது. ஆண்டுதோறும் நடைபெறும் இவ்விழா என்றதும் நம் நினைவுக்கு வருவது நட்சத்திரங்களும் அவர்களின் ஆடம்பர உடைகளும்தான். ஆனால் இவ்விருதின் வரலாறு நன்றியுணர்வைப் பற்றிச் சிந்திக்க நம்மை அழைக்கிறது.

1946-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கத் தொலைக்காட்சிக் கழகம், முதல் விருது விழாவை 1949 சனவரி 25 அன்று ஹாலிவுட்டில் நடத்தியது. அன்று வழங்கப்பட்டவை ஆறே விருதுகள். பெயர் வந்த விதம் சுவையானது. அக்காலத் தொலைக்காட்சிக் கேமராவினுள் இருந்த 'இமேஜ் ஆர்த்திகான்' என்னும் குழாயைத் தொழில்நுட்பப் பணியாளர்கள் 'இம்மி' என்று செல்லமாக அழைத்தனர். விருதுச் சிலை பெண் உருவமாக அமைந்ததால் அது 'எம்மி' ஆயிற்று. லூயி மக்மானஸ் என்ற பொறியாளர் தம் மனைவியை மாதிரியாகக் கொண்டு அதை வடிவமைத்தார். சிறகுகள் கலையையும், கையில் ஏந்திய அணு அறிவியலையும் குறிக்கின்றன.

ஆக, பார்வையாளர் கண்ணில் படாத ஒரு குழாயின் பெயரே விருதின் பெயராயிற்று. ஆயினும் ஒலிப்பதிவு, ஒப்பனை, ஆடை வடிவமைப்பு போன்ற பணிகளுக்கான விருதுகளில் பெரும்பாலானவை இன்று முதன்மை விழாவுக்கு முன்பே தனி விழாவில் வழங்கப்படுகின்றன. முதன்மை விழாவின் மேடையில் உலகம் காண்பது சிலரை மட்டுமே.

இம்மேடையில் ஓர் ஆயரும் நின்றிருக்கிறார். நியூயார்க் துணை ஆயராக இருந்த ஃபுல்டன் ஷீன், 1952-இல் தொலைக்காட்சியில் மறையுரைத் தொடரைத் தொடங்கினார். ஒரு கரும்பலகையும் அவரது சொல்லாற்றலுமே அதன் முதலீடு. கேமராவில் தெரியாமல் பலகையைத் துடைத்த பணியாளரை அவர் தம் 'வானதூதர்' என்று குறிப்பிடுவார். 1953-இல் சிறந்த தொலைக்காட்சி ஆளுமைக்கான எம்மி அவருக்குக் கிடைத்தது. மற்றவர்கள் தங்கள் எழுத்தாளர்களுக்கு நன்றி கூறுவது போலத் தாமும் தம் எழுத்தாளர் நால்வருக்கு, அதாவது மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவானுக்கு, நன்றி கூறுவதாக அவர் சொன்னது இன்றும் நினைவுகூரப்படுகிறது. 2012-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

1997-இல், பகல்நேர நிகழ்ச்சிகளுக்கான எம்மி விழாவில், குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய பிரெட் ரோஜர்ஸ் வாழ்நாள் சாதனையாளர் விருது பெற்றார். இவர் பிரெஸ்பிட்டேரியன் சபைப் போதகர். தங்களை அன்பு செய்து உருவாக்கியவர்களை 10 விநாடிகள் மௌனமாக நினைத்துப் பார்க்குமாறு அவர் அவையோரைக் கேட்டுக்கொண்டார். தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். அவையில் பலர் கண்கலங்கினர்.

குணமடைந்த தொழுநோயாளர் பத்துப் பேரில் நன்றி சொல்லத் திரும்பி வந்தவர் ஒருவரே என்று லூக்கா எழுதுகிறார். நமது பங்குத் திருவிழா மேடையிலும் நன்கொடையாளர் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. விடியற்காலையில் கோவிலைக் கூட்டியவர் பெயர் விடுபட்டுப் போகிறது. வீட்டிலும் அப்படியே. சமைத்தவருக்கு நன்றி சொல்லாமலே நாம் எழுந்துவிடுகிறோம்.

புகழப்படுவது தவறன்று. நம்மைத் தாங்கியவர்களை மறந்து புகழை ஏற்பதுதான் தவறு. இன்று இரவு செபத்தின்போது நாமும் 10 விநாடிகள் ஒதுக்குவோம். நினைவுக்கு வருபவர் உயிரோடு இருந்தால், நாளையே அவரிடம் நேரில் நன்றி சொல்வோம்.